இல்லாத கண்ணாடியைத் துடைத்தவர்கள்

செப்டம்பர் 3

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போவதை மூவுலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. அக்கா நம்பமாட்டாள், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே என்னை நம்பாதவள். அக்கா மகள் நம்பமாட்டாள். "மாமா சொன்னா பத்தால வகுத்துக்கணும்" என்று பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சட்டம் போட்டவள், இப்போது கணக்கு வாத்தியாராகவே ஆகிவிட்டாள். அலுவலகப் பெரியவர் நம்பவே மாட்டார். ஆகவே நம்பாதவர்கள் அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து, நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

கடலில் யாரோ கைதவறிக் கொட்டிய மிளகு போலக் கிடக்கும் இந்தத் தீவுகளுக்கெல்லாம் சுகாதாரச் சக்கரவர்த்தி அடியேன்தான். அதாவது, தீவுக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் இருக்கிறார். ஊசி போடுவது, காய்ச்சல் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர். அவர்களுக்குக் கரையில் வைத்துப் பயிற்சி கொடுப்பதும், பிறகு தீவு தீவாகப் போய் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்ப்பதும் என் உத்தியோகம். என் சேனை: ஒரு எஞ்சின் படகு. அதை ஓட்டும் தளபதி — எஞ்சின் நின்றால் எஞ்சினை விட்டுவிட்டு என்னைத் திட்டுவார். ஒரு தகரப்பெட்டி. பெட்டிக்குள் இளவரசர்.

இளவரசர் ரப்பர் பொம்மை. பிறந்த குழந்தை அளவு. ஒரு கால் விரல்களை எலி சாப்பிட்டுவிட்டது. பிறந்ததும் அழாத, மூச்சுவிடாத குழந்தைக்கு மூச்சுக் கொடுப்பது எப்படி என்று இவரை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன். ஈரம் துடை. முதுகைத் தேய். தலையை நேராக்கு. மூக்கும் வாயும் மூடும்படி முகமூடியை வை. முகமூடியோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கு. நெஞ்சு ஏறுகிறதா பார். எல்லாம் முதல் நிமிடத்துக்குள். அந்த நிமிடத்தைக் கோட்டைவிட்டால் திரும்பக் கிடைக்காது. இளவரசரை நான் லட்சம் தடவை உயிர்ப்பித்திருக்கிறேன். மனிதர் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

இன்று இரண்டாவது தீவு. வழியில் வானமே அலையாகச் சுருண்டு வந்தது. படகு பறந்தது. ஒரு மீன் என் மடியில் விழுந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனது. அது கிடக்கட்டும்.

அந்தத் தீவுப் பணியாளர் சின்னப் பிள்ளை, கெட்டிக்காரன். "எங்க தம்பி, செஞ்சு காட்டு" என்றேன். துடைத்தான். தேய்த்தான். தலையை நேராக்கினான். முகமூடி வைத்தான். அப்புறம் — ஒரு கையை எடுத்தான். முகத்துக்குக் கொண்டுபோனான். காதோரமிருந்து எதையோ கழற்றினான். வெள்ளைக் கோட்டின் நுனியில் துடைத்தான். திரும்ப மாட்டிக்கொண்டான். பையை அமுக்கினான்.

அவனுக்குக் கண்ணாடி கிடையாது.

"என்ன தம்பி அது?"

"எது சார்?"

"இப்ப செஞ்சியே, மூஞ்சிகிட்ட."

"அஞ்சாவது படி சார்" என்றான், பெருமையாக.

அஞ்சாவது படியா! எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்தபடியே, என் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயோ.

செப்டம்பர் 4

மூன்றாவது தீவிலும்.

செப்டம்பர் 5

நாலாவது தீவிலும். அங்குள்ள அண்ணன் ஒரு படி மேலே. துடைத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, திருப்தியான பிறகுதான் மாட்டிக்கொள்கிறார். "ஏன் அண்ணே இது?" என்றால், "மனசு நிலைப்படறதுக்கு சார். ரொம்ப நல்ல பயிற்சி" என்கிறார். கண்ணில் நீர் வராத குறை. அவருக்கு அல்ல, எனக்கு.

குற்றவாளி யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. பயிற்சிக்கூடத்துக்குத் தகரக் கூரை. உள்ளே நின்றால் மனிதன் அவிந்துவிடுவான். குனிந்து முகமூடியை வைக்கும் நேரம் பார்த்து என் கண்ணாடி வியர்த்து மங்கும். கழற்றுவேன், துடைப்பேன், மாட்டுவேன். வருடக்கணக்காக. எனக்கே தெரியாது. இதில் "நான் செய்யறதை ஒண்ணுகூட விடாம அப்படியே செய்யணும்!" என்று கரடியாகக் கத்தியது வேறு. செய்தார்கள். ஒன்றுகூட விடவில்லை.

செப்டம்பர் 7

கடைசித் தீவு. இங்கே இருப்பவருக்கு நான் வைத்த பெயர் வக்கீலம்மா. ஊசியை ஏன் இப்படிப் பிடிக்கணும், மாத்திரையை ஏன் சாப்பாட்டுக்கு அப்புறம் தரணும், நீங்க ஏன் சார் இவ்வளவு சத்தமா பேசறீங்க — எல்லாவற்றுக்கும் குறுக்கு விசாரணை. இவளாவது தப்பித்திருப்பாள் என்று நம்பிக்கையோடு போனேன்.

முகமூடி வைத்தாள். கை கிளம்பியது.

"நிறுத்தும்மா! எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு என் உயிரை எடுப்பியே, இதை மட்டும் ஏன் கேக்கல?"

அவள் அசரவில்லை. "கேக்கலாம்னுதான் சார் இருந்தேன். மத்த எல்லாப் படிக்கும் உங்க வாய் ஓயாது. இதைச் செய்யும்போது மட்டும்தான் பேசாம இருந்தீங்க. அப்ப இதுதான் ரொம்ப முக்கியம் போலன்னு நினைச்சேன்."

இதற்கு மேல்முறையீடு செய்ய எந்தக் கோர்ட்டும் இல்லை.

"இனிமே செய்யாதே" என்றேன். "சரி சார்" என்றாள். செய்து காட்டச் சொன்னேன். கை கிளம்பியது. மறுபடி சொன்னேன். மறுபடி கிளம்பியது. கடைசியில் அவளுக்கே கோபம். "நான் பண்ணல சார், இதுவா போகுது!" என்று தன் கையை அடுத்த வீட்டுக் கோழியைப் பார்ப்பது போல முறைத்தாள்.

வெளியே தளபதி மகளோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே மகள். இந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிள்ளை, அடுத்த மாதம் பாதிக்கு மேல் பிரசவம். மாதத் தொடக்கத்தில் படகில் கரைக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மழைக்காலப் புயலுக்குப் படகுகளை நிறுத்திக் கடலை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பயமில்லை.

திரும்பும்போது தளபதி கேட்டார்: "அண்ணே, ஒருவேளை இங்கேயே பிரசவம் ஆயிட்டா, இந்தம்மா பார்த்துக்குமில்ல?"

"பேஷா பார்த்துக்கும்" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே சின்னது.

செப்டம்பர் 9

பெரியவர் முன்னால் நின்றேன். நிலைமையைச் சொன்னேன். எல்லாத் தீவுக்கும் இன்னொரு சுற்றுப் போக அனுமதி கேட்டேன்.

"கண்ணாடி இல்லாதவங்க கண்ணாடி துடைக்கிறாங்க."

"ஆமாங்கய்யா."

"எல்லாத் தீவுலயும்."

"முதல் தீவு அம்மா நிஜமாவே கண்ணாடி போட்டவங்க. அவங்க துடைச்சதுல எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலை. மத்த எல்லாரும்—"

"போன ரிப்போர்ட்டுல ஒரு சுறா நம்ம எடைமெஷின்ல ஏறி நின்னு எடை பார்த்துச்சுன்னு எழுதியிருந்தீங்க."

"அது ஒரு அழகுக்காகய்யா."

"ஏன்யா, காதுல பூ சுத்த உங்களுக்கு வேற காதே கிடைக்கலையா? எல்லாரும் தேர்ச்சின்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க? போய் வேலையைப் பாருங்க."

இத்தனை வருடம் அண்டப்புளுகு ஆகாசப்புளுகு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்டவர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உண்மையைக் கொண்டுபோனால் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

அக்கா மகள் சொன்னாள்: "சரி மாமா, எனக்குச் செஞ்சு காட்டுங்க." தலையணையைக் குழந்தையாக்கினேன். போனில் படம் எடுத்தாள். செய்தேன், கண்ணாடியைத் தொடவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். படத்தைப் போட்டுக் காட்டினாள்.

அதில் ஒரு கிழவன். தலையணை மூச்சில்லாமல் கிடக்கிறது. அவன் நிதானமாகக் கண்ணாடி துடைக்கிறான். தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான். என்ன கம்பீரம், என்ன அமைதி. எட்டிப் போய் அவனை அறையலாம் போலிருந்தது.

பத்தால் வகுப்பாள் என்று காத்திருந்தேன். வகுக்கவில்லை. "நீங்க ஆரம்பிச்சப்ப நானும் மூச்சைப் பிடிச்சேன் மாமா. கண்ணாடியை எடுத்தீங்க பாருங்க, அதுக்கு மேல என்னால முடியல, விட்டுட்டேன்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 16

தடுப்பூசிப் பெட்டி கொண்டுபோகும் சாக்கில் முதல் தீவுக்குத் தொற்றிக்கொண்டேன். இந்தத் தடவை மகா யோசனை: கண்ணாடியே போடாமல் போவது! கண்ணாடி இருந்தால்தானே துடைப்பேன்?

இளவரசரைத் துடைத்தேன், தேய்த்தேன், முகமூடியைப் பொருத்தினேன். பையை அமுக்கினேன். நெஞ்சு ஏறவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். "சார்" என்றார் முதல் தீவு அம்மா, மரியாதையாக, "அது கால்."

அதோடு போகவில்லை. "இப்ப நீங்க செய்யுங்கம்மா" என்றேன். அந்த அம்மா நேராக நிமிர்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றி மேசை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, காலைத் தேடிப் பிடித்து முகமூடியை வைத்தார்.

இந்த உலகத்தில் என்னை மாதிரி வாத்தியாரும் இல்லை. இவர்களை மாதிரி மாணவர்களும் இல்லை. ரெண்டு தரப்பையும் ஒரே பெட்டியில் போட்டு நடுக்கடலில் இறக்கிவிட வேண்டும்.

செப்டம்பர் 24

வயர்லெஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். காலை நேரத்தில் எல்லாத் தீவும் ஒரே அலைவரிசையில் இருக்கும். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்: "கண்ணாடி துடைக்கிறது படி இல்லை. யாரும் செய்யாதீங்க. புரிஞ்சுதா? ஓவர்."

கரகரப்பு. பிறகு நாலாவது தீவு அண்ணன்: "புரிஞ்சுது சார். அந்த இடத்துல வேற என்ன செய்யணும்? ஓவர்."

"ஒண்ணும் செய்யவேண்டாம்! ஓவர்!"

மறுபடி அண்ணன்: "ஒண்ணும் செய்யாம எவ்வளவு நேரம் நிக்கணும் சார்? ஓவர்."

கருவியை வைத்துவிட்டு வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் செய்யாமல்.

அக்டோபர் 1

தளபதி லீவு போட்டு, மச்சானுடைய படகை வாங்கிக்கொண்டு மகளைக் கூட்டிவரக் கிளம்பினார். பெரியவரிடம் சொல்லாமல் நானும் ஏறிவிட்டேன். இளவரசரும் பெட்டிக்குள் வந்தார்.

கடைசித் தீவில் மருந்தகத்தின் முன்னறை. பாய் விரித்து இளவரசரைக் கிடத்தினேன். எதிரே வக்கீலம்மா. கதவோரமாகத் தளபதியின் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் பக்கத்தில் அவளுடைய மாமியார் — நல்ல உயரம், அதற்கேற்ற கை. வலை இழுத்துக் காய்த்துப்போன கை. எங்க வீட்டுப் பிள்ளைக்கு என்ன செய்யப்போறாங்கன்னு நான் பாக்கணும் என்று சொல்லி வந்து உட்கார்ந்தவர்.

"பிள்ளை பிறந்துருச்சு, மூச்சில்லை" என்று ஆரம்பித்தேன். துடைத்தேன். தேய்த்தேன். தலையை நேராக்கி முகமூடியை வைத்தேன். எவ்வளவோ கவனமாகத்தான் இருந்தேன். அடியேன் கை அடியேனைக் கேட்காமல் மூக்குக்குக் கிளம்பியது.

பட்!

மணிக்கட்டில் இடி விழுந்தது. அந்த அடியில் தீவே ஒரு முழம் கடலுக்குள் இறங்கி மறுபடி மேலே வந்தது.

"கையை எடுங்க! அங்க பிள்ளை மூச்சில்லாம கிடக்குது, இவருக்குக் கண்ணாடி கேக்குதாம் கண்ணாடி!" என்றார் மாமியார். "அமுக்குங்க!"

அமுக்கினேன். உடனே. நடுவில் எதுவும் இல்லாமல். இளவரசரின் நெஞ்சு ஏறியது.

நடுவில் கண்ணாடி துடைக்காமல், வருடக்கணக்கில் முதல் தடவை.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாருக்குத் தாம் அடித்தது மேலதிகாரியை என்று அப்போதுதான் உறைத்தது போல. ஆனால் பின்வாங்குகிற முகமில்லை. வக்கீலம்மா என் மணிக்கட்டையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை" என்றாள், "எனக்கும் அடிங்க."

மத்தியானம் முழுக்க அதுதான். அவள் செய்வாள், கை கிளம்பும், பட், அமுக்குவாள். தீவு ஜனம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தது. "இன்னும் கொஞ்சம் பலமா போடுங்கக்கா!" என்று யோசனைகள் வேறு. சாயங்காலம் ஆகும்போது அவள் கை கிளம்பும், பாதியில் தானே நின்றுவிடும். சில தடவை நிற்காது. நின்றாலும் நிற்காவிட்டாலும் அத்தை அங்கே இருந்தார்.

மகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம். அலை என் இடுப்பளவுதான் இருந்தது. கூட்டிச் சொல்லவில்லை, இடுப்பளவுதான். ஆனால் தளபதி கடலைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எப்போதும் கடலைக் கெட்ட வார்த்தையில் விசாரிக்கிறவர், பேசாமல் நின்றார். "இந்த ஆட்டத்துல வயித்துப் பிள்ளையை ஏத்த மாட்டேண்ணே. அடுத்த வாரம் தணியும். வந்து கூட்டிட்டுப் போறேன்."

இளவரசரை வக்கீலம்மாவிடமே விட்டுவிட்டு வந்தேன். பயிற்சிப் பொருளை வெளியே விடக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் யாரும் அடி வாங்கியதில்லை.

அக்டோபர் 2

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. திமிங்கலம் வாலால் அடித்தது என்று அக்காவிடம் சொன்னேன். "நல்லா வேணும்" என்று தைலம் தேய்த்தாள்.

அக்டோபர் 9

கடல் மூடிவிட்டது. ஒரு மாதம் முன்னதாகவே. துறைமுகத்தில் கயிறு கட்டிச் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள். தளபதி கயிற்றைத் தாண்டப் போய் நாலு பேர் பிடித்து நிறுத்தினார்களாம்.

மகள் அந்தப் பக்கம்.

அக்டோபர் 10

பெரியவரிடம் ஹெலிகாப்டர் கேட்டேன். "இப்பவும் விளையாட்டா?" என்றார். "இல்லைங்கய்யா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேலிடத்துக்குப் போன் செய்தார். காற்று நிற்காமல் எதுவும் பறக்காதாம். போனை வைத்துவிட்டு, "நிஜமாவே அவங்க எல்லாரும் துடைக்கிறாங்களாய்யா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இப்ப கேக்கறாரு. இப்ப!

அக்டோபர் 13

காலை வயர்லெஸ். வக்கீலம்மா: "தினமும் பழகறோம் சார். அத்தை நேரம் தவறாம வந்துடறாங்க. அடி வாங்கி என் கை கன்னிப் பச்சையாயிருச்சு. ஓவர்." இரண்டாவது தீவுத் தம்பி நடுவில் புகுந்து, "எங்க ஊருல யாரை அடிக்கச் சொல்லலாம் சார்? ஓவர்" என்றான். உன் ஊரில் யாருக்கு உன்மேல் கோபம் அதிகமோ அவரை என்றேன்.

அக்டோபர் 16

ஒன்றுமில்லை. மழை. தளபதி வயர்லெஸ் அறை வாசலிலேயே இருக்கிறார். டீ கொடுத்தால் குடிக்கிறார். கொடுக்காவிட்டால் கேட்பதில்லை.

அக்டோபர் 19

இன்று மத்தியானம்.

வயர்லெஸ்ஸில் வக்கீலம்மா குரல். "வலி வந்துருச்சு சார். வேகமா வருது. படகுக்காரரோட மாப்பிள்ளையைப் பட்டனைப் புடிச்சுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க கேட்டுட்டு இருங்க."

அவர்கள் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை நான் பேசினால் அங்கே கேட்காது. பேசியே பிழைத்தவனை இப்படியும் ஒரு நாற்காலியில் உட்கார வைக்க முடியும். அறைக்குள் நான், தளபதி, டீ கிளாஸோடு வந்து நின்ற பெரியவர். கிளாஸை அவர் கீழே வைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை. மற்றத் தீவுகளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். ஒருவர்கூட நடுவில் புகவில்லை.

மழை சத்தம். பெண்ணின் கத்தல். மாமியார் குரல், "இன்னொரு தடவை கண்ணு, இன்னும் ஒரே தடவை." எவ்வளவு நேரம் தெரியாது.

பிறகு: "வந்துருச்சு. பொண்ணு."

அழுகை வரவில்லை.

"துடைக்கறேன்" — வக்கீலம்மாதான், யாருக்குச் சொன்னாள் தெரியாது. "தேய்க்கறேன். அழு, அழுடா தங்கம். அத்தை, அழல. அத்தை—"

"செய்டீ."

"தலை நேரா. முகமூடி—"

பேச்சு நின்றது.

எனக்குத் தெரியும். அந்த இடம் எனக்குத் தெரியும். நான் அங்கே நிறுத்திப் பழக்கிய இடம். என் கையே மூக்குக்குப் போய்விட்டது — கடவுளே, இங்கே, இந்த நேரத்திலும் — தளபதி என் மணிக்கட்டைப் பிடித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வயர்லெஸ் பெட்டியைப் பார்த்தபடியே பிடித்தார்.

பெட்டிக்குள் பட் என்று ஒரு சத்தம். "அமுக்கு!"

"ஒண்ணு. ரெண்டு. மூச்சு. ஒண்ணு. ரெண்டு. மூச்சு. ஏறுது அத்தை. நெஞ்சு ஏறுது. ஒண்ணு. ரெண்டு—"

தளபதியின் விரல் என் எலும்பு வரை போய்விட்டது.

ஒண்ணு, ரெண்டு, மூச்சு.

அப்புறம் அழுதாள்.

அது என்ன அழுகை! பெட்டி அதிர்ந்தது! ஜன்னல் கண்ணாடிகள் எட்டும் தூள்தூளாகிச் சிதறின! துறைமுகத்தில் கட்டிக் கிடந்த கப்பல்களெல்லாம் சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்து எஞ்சினைப் போட்டன! கடலே ஒரு நொடி அலையை நிறுத்தி யாரடா அது என்று கேட்டது! பெரியவரின் டீ அந்தரத்தில் எழும்பி, கூரையைத் தொட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கிளாஸுக்குத் திரும்பியது! ஒவ்வொரு தீவிலும் மரத்துக்கு மரம் பறவைகள் கிளம்பி—

போதும். நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 27

கடல் திறந்தது. முதல் சுற்று. பெரியவர் தாமே கூப்பிட்டு அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு கவலை அவருக்கு — அடிக்கிறவருக்குப் பதவிப் பெயர் என்ன போடுவது. "உதவியாளர்" என்று எழுதிக்கொண்டார். மேலிடத்துக் கூட்டத்தில், "பிள்ளை அழுததுல கட்டடமே குலுங்கிச்சுங்க" என்று அவரே சொன்னாராம். நல்ல வேளை, நான் அங்கே இல்லை. சிரித்து உத்தியோகத்தைத் தொலைத்திருப்பேன்.

இன்று முதல் தீவு. கண்ணாடி அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ஜோடியாகத் தயாராக நின்றார்கள். துடைத்தார், தேய்த்தார், தலை, முகமூடி. அருமை. அப்புறம் அந்த அம்மா வலது கையை உயர்த்தி, கணவர் பக்கம் நீட்டி, பொறுமையாகக் காத்திருந்தார். அவர் மரியாதையாக அந்தக் கையில் ஓர் அடி போட்டார். அம்மா கையை இறக்கிக்கொண்டு பையை அமுக்கினார்.

"என்னம்மா இது! கை போகலையே, அப்புறம் எதுக்கு அடி?"

"அடிச்சாத்தானே சார் அடுத்த படி?"

தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் பார்த்துக்கொண்டார்களோ என்று உடனே பயம் வந்து, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாகும்வரை இதுதான் போலிருக்கிறது.

நவம்பர் 29

கடைசித் தீவு. தளபதி படகைச் சரியாகக் கட்டாமலேயே ஓடினார். நான்தான் கட்டினேன், என்னைத் திட்ட ஆளில்லாமல். உள்ளே போனபோது பேத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மூச்சுவிடக்கூட யோசிப்பவர் போல நின்றிருந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "சரியாப் போச்சா?" என்றார். வக்கீலம்மா இளவரசரைக் குளிப்பாட்டித் துணி சுற்றி வைத்திருந்தாள். "அடுத்த தடவை வர்றப்ப, இவருக்குக் கால் விரலை ஏன் இன்னும் ஒட்டலைன்னு சொல்லணும் சார்."

திரும்பி வரும் வழியில் மனதுக்குள் கணக்குத் தீர்த்தேன். ஜன்னல் ஒன்றுகூட உடையவில்லை. அந்த அறைக்கு இருப்பதே ஒரு ஜன்னல்தான். கப்பல் கிளம்பவில்லை. டீ பறக்கவில்லை, ஆறிப்போய் அப்படியே இருந்தது, பெரியவர் கையில். மீன் மன்னிப்புக் கேட்கவில்லை, சுறா எடை பார்க்கவில்லை.

அழுகையும் அவ்வளவு பெரிதில்லை. ஈரத்துணியைப் பிழிந்தால் வருமே, அந்த அளவு சத்தம். பாதியை வயர்லெஸ் கரகரப்பு தின்றுவிட்டது. ஆனால் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். அது நிஜம், அதைக் கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.